கீழே வைத்த ஊசி

அத்தியாயம் 17

பிள்ளையார்பாளையத்து அந்த நீள வீட்டில் இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பேசி மாதக்கணக்காகிறது. அதனால் வீடு அமைதியாக இருந்தது என்று யாரும் தப்புக் கணக்குப் போட வேண்டாம். சொல்ல வேண்டியதையெல்லாம் நாயிடம் சொன்னார்கள்.

"டேய் சுண்டல், தொட்டி வழிஞ்சிக்கினு இருக்குது, மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்பாள் மூத்தவள் துளசி, தன் அடுப்படியிலிருந்து.

"சுண்டல், பார்த்த கண்ணுக்குக் கை இல்லியான்னு கேளுடா" என்பாள் இளையவள் தேவிப்ரியா, தன் அடுப்படியிலிருந்து.

சுண்டல் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்க்கும். முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளைக் குட்டி. அந்த வீட்டில் இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய் வந்த ஒரே ஜீவன் அதுதான்.

சண்டையின் வேர் என்னவென்று தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். துளசியின் மகள் அனுவுக்குத் தாமலில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிற அன்று அனு ஓசூர் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். "இந்த வாசலைத் தாண்டினா எனக்கு மகளே இல்ல" என்றாள் துளசி. மகள் தாண்டினாள். அவளை பஸ் ஏற்றி விட்டு வந்தவள் சித்தி தேவிப்ரியா. அன்றோடு ஓரகத்திகளுக்குள் பேச்சு போயிற்று. போன வாரம் சமையலறையும் இரண்டாயிற்று.

அனு விட்டுப் போனது சுண்டலை மட்டும்தான். ஹாஸ்டலில் நாய்க்கு இடமில்லை. தினமும் சாயங்காலம் சித்தியின் போனுக்கு வீடியோ கால் வரும். "சித்தி, சுண்டலைக் காட்டு." அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

துளசி அந்த நேரத்துக்குக் கதவுக்குப் பின்னால் வந்து நிற்பாள். பகலெல்லாம் "சனியனே" என்று விரட்டிய நாயை, கால் வருவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் பிடித்து முகம் துடைத்து, மயிர் வாரி விடுவாள். மகளின் குரல் அந்த வீட்டில் கேட்பது நாயால்தான். நாய் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று அவளைச் சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன்.

இன்று காலை வந்தது ஊசி.

கல்யாணச் சேலை ஒன்றுக்கு முந்தானையில் குஞ்சம் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு மணி கோர்த்து, மாலைக்குள் கொடுக்க வேண்டும். வேலை துளசியுடையது. மணிக்குள் நுழைகிற மெல்லிய நீள ஊசி வீட்டில் ஒன்றே ஒன்று. அது தேவிப்ரியாவிடம் இருந்தது.

"சுண்டல், அந்த ஊசி நான் வாங்கினது. வேணும்னு சொல்லு."

தேவிப்ரியா வந்தாள். ஒரு கையில் சோற்றுக் கஞ்சிக் கிண்ணம், மறு கையில் சிவப்புப் பட்டு நூல் கோர்த்த ஊசி. நூல் முனை பிரியாமல் இருக்கக் கஞ்சியில் நனைத்து முறுக்குவது அங்கே எல்லார் வீட்டிலும் வழக்கம். துளசி கையை நீட்டினாள்.

நீட்டின கை நீட்டினபடியே நின்றது. தேவிப்ரியா குனிந்து, கிண்ணத்தைத் தரையில் வைத்து, ஊசியை அதன் விளிம்பில் வைத்தாள்.

"கையில குடுத்தா சண்டை வரும்" என்றாள் நாயைப் பார்த்து.

அடி ஆத்தே! இனிமேல்தான் வரப் போகிறதாம் சண்டை! ஊசி, உப்பு, மிளகாய் எதையும் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கீழே வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். துளசியின் அம்மாவும் அதையேதான் சொல்லியிருந்தாள். ஆனால் ஆகாதவள் வைத்தால் சாஸ்திரமும் அவமானமாகத்தான் தெரியும்.

"பார்த்தியா சுண்டல், மூத்தவ கையை நீட்டுறேன். நாய்க்கு வெக்கிற மாதிரி கீழ வெக்கிறாங்க."

"எடுக்கிறவங்க எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இளையவள் உள்ளே போனாள்.

"குனிஞ்சு பொறுக்க வேற ஆளைப் பார்க்கச் சொல்லு சுண்டல்" என்று மூத்தவளும் உள்ளே போனாள்.

நடையில் கிண்ணமும் ஊசியும் சுண்டலும் மட்டும் இருந்தன. நாய்க்கு வைத்தது போல என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கஞ்சி வாசனை வேறு. நாய் என்ன செய்யும்?

'கக், கக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தேவிப்ரியா ஓடி வந்தபோது சுண்டல் முன்னங்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டிருந்தது. எச்சில் கோடாக ஒழுகியது. கிண்ணம் காலி. விளிம்பில் ஊசி இல்லை. நாயின் கடைவாயில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு நூல் தொங்கியது.

"ஐயோ! சுண்டல்!"

துளசியும் வந்துவிட்டாள். நூல் தொங்குவதைப் பார்த்தாள். மூளை யோசிப்பதற்கு முன்னால் கை போய்விட்டது. பிசிறி நிற்கிற நூலைக் கண்டால் விரலில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுப்பது, நடக்கப் பழகிய நாளிலிருந்து தறி வீட்டில் பிறந்த கைக்கு வந்த பழக்கம். சுற்றினாள். இழுத்தாள்.

சுண்டல் வீறிட்டது. எச்சிலோடு ரத்தம் வந்தது.

"கையை எடுங்க!" தேவிப்ரியா அவள் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள். "கொல்லப் பார்க்கிறீங்களா?"

மாதக்கணக்கில் இல்லாமல் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"நூல்தானே, இழுத்தா வந்துடும்னு..."

"நூல் முனையில ஊசி இருக்குதுக்கா!"

துளசி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். உள்ளே ஓடி ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு வந்தாள். "இதைக் குடு. மீன் முள்ளு மாட்டினா பழம் முழுங்கச் சொல்றதில்ல? வழுக்கிக்கினு எறங்கிடும்."

அதற்குள் பக்கத்து வீட்டு அன்னம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "உப்புத் தண்ணி கரைச்சு ஊத்துங்கமா. கொடகொடன்னு வாந்தி எடுத்தா எல்லாம் வந்துடும்."

வாழைப்பழம் நீட்டிய கையைத் தேவிப்ரியா ஒதுக்கினாள். சுண்டலை மடியில் இறுக்கிக்கொண்டு நாய் டாக்டருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் டாக்டர் சித்தாராவின் குரல் வந்தது. அந்தக் குரலுக்கு நாய்கள் பயப்படாது, நாய் வளர்ப்பவர்கள் பயப்படுவார்கள்.

"ஊசியா? நூல் வெளிய தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"யாராவது இழுத்தீங்களா?"

தேவிப்ரியா துளசியை நிமிர்ந்து பார்த்தாள். துளசி வாழைப்பழத்தைப் பார்த்தாள்.

"ஒரு தடவை மேடம்."

"இன்னொரு தடவை இழுக்கிறதா இருந்தா எங்கிட்ட கொண்டாராதீங்க, வீட்லயே குழி தோண்டிக்குங்க. நூலை வெட்டவும் கூடாது. வெட்டினா உள்ள போயிடும், அப்புறம் நான் எங்க போய்த் தேடுறது? பழம், சோறு, தண்ணி, எண்ணெய் எதையும் வாயில வெக்காதீங்க. மயக்கம் குடுக்க வேண்டியிருக்கும்."

"உப்புத் தண்ணி குடுத்து வாந்தி..."

"யார்மா அது? போகும்போது குத்தின ஊசி வரும்போது குத்தாதா? துண்டுல சுத்துங்க. காலால வாயைப் பிராண்ட விடாதீங்க. தலை ஆடாம புடிச்சுக்கினு உடனே வாங்க."

சுவருக்கு மேலிருந்த அன்னம்மாளின் தலை இறங்கியது.

துளசியின் வீட்டுக்காரர் மாணிக்கவேல் நெய்து முடித்த சேலையை ஒப்படைக்கப் போயிருந்தார். தேவிப்ரியாவின் புருஷன் பாலாஜி ஷிப்டில் இருந்தான். வாசலில் நின்றது டிவிஎஸ் வண்டி. அதை ஓட்டத் தெரிந்தவள் துளசி ஒருத்திதான்.

துளசி வண்டியைக் கிளப்பினாள். "ஏறு."

தெருவைப் பாதி தாண்டுவதற்குள் நெசவுக்காரர் பரசுராமனின் பாவு வழியை அடைத்தது. தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை விரித்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள்.

"சுத்திப் போமா! ஈரப் பாவு. நாய் மயிரு ஒட்டினா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார் பரசுராமன்.

"சுத்திப் போனா இது செத்துடும். தூக்கிப் புடிக்கிறியா, வண்டியை உள்ள விடட்டுமா?"

"இன்னாமா அராஜகமா இருக்குது?"

"ஆமாய்யா, அராஜகம்தான். தூக்கு!"

துளசியின் முகத்தைப் பார்த்தவர் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆட்கள் பாவை ஒரு பக்கமாக ஏற்றிப் பிடித்தார்கள். வண்டி சுவரை உரசிக்கொண்டு போயிற்று. துளசியின் முழங்கை சிராய்த்தது. பின்னால் பரசுராமன் பரம்பரையையே இழுத்துத் திட்டியது நன்றாகக் கேட்டது.

மெயின் ரோடு வந்ததும் துளசி வாய் திறந்தாள்.

"கையில குடுத்திருந்தா இது நடந்திருக்குமா?"

"குனிஞ்சு எடுத்திருந்தா நடந்திருக்குமா?"

"மூத்தவ நீட்டின கைடி அது."

"ஊசியைக் கீழ வெக்கிறதுல என்ன மரியாதை கொறைஞ்சு போச்சு? உங்க வீட்லயும் அப்படித்தானே?"

"ஊசிக்கு மட்டும் சாஸ்திரம் பார்ப்பே. எம் பொண்ணைக் கையோட புடிச்சு பஸ் ஏத்தி விட்டியே, அது எந்த சாஸ்திரம்?"

"பஸ்தான் நான் ஏத்தி விட்டேன். வீட்டை விட்டுத் துரத்தினது நீங்க. வாசல்ல நின்னு நீங்க சொன்னது தெருவுக்கே கேட்டுது."

எதிரே வேகத்தடை வந்தது. துளசி வண்டியை ஊர்கிற அளவுக்குக் குறைத்து, நாய் அலுங்காமல் ஏற்றி இறக்கினாள். அப்புறம் மறுபடி முறுக்கினாள்.

டாக்டர் சித்தாரா குள்ளமான பெண். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள். சின்னக் கழுத்துக்குள் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

"பார்த்துக்குங்க. சும்மா இருந்த ஊசி, இழுத்த இழுப்புல முனை சதைக்குள்ள ஏறிக்கினு இருக்குது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா அந்தப் பக்கம் வந்திருக்கும்." கண்ணாடி கீழே இறங்கியது. "யாரோட நாய்?"

தேவிப்ரியா வாயைத் திறப்பதற்குள் துளசி சொன்னாள். "எம் பொண்ணுது."

"பொண்ணு எங்க?"

துளசி எக்ஸ்ரேயையே பார்த்தாள்.

"காலைல என்ன சாப்பிட்டுச்சு?"

"கஞ்சிதான் மேடம். நான் இன்னும் ஒண்ணும் போடல" என்றாள் தேவிப்ரியா.

துளசி தொண்டையைச் செருமினாள். "விடியக்காலம் ஒரு இட்லி. நெய் தொட்டு."

தேவிப்ரியா திரும்பினாள். "நீங்களா? அதுக்கு நெய் ஆகாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். வயிறு கெட்டுப் போச்சேன்னு நான் எத்தனை நாள் மண்டையை ஒடைச்சுக்கினேன் தெரியுமா?"

"எம் பொண்ணு நாய்க்கு நான் ஊட்டுவேன். உங்கிட்ட கேக்கணுமா?"

"வெளிய போய் அடிச்சுக்குங்க!" டாக்டர் மேஜையைத் தட்டினாள். "வயித்துல சாப்பாடு இருக்குது, உடம்போ துளியூண்டு. மயக்கம் குடுத்தா எழுந்திருக்காமலும் போலாம். குடுக்கலேன்னா ஊசி உள்ளயே கிழிச்சுடும். செய்யவா, வேணாமா?"

தேவிப்ரியா துளசியைப் பார்த்தாள்.

"செய்யுங்க. ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்கட்டும்" என்றாள் துளசி.

கதவு சாத்தப்பட்டது. வெளியே ஒரே ஒரு பெஞ்ச். வேறு வழியில்லாமல் அதன் இரண்டு முனையிலும் உட்கார்ந்தார்கள். துளசியின் போன் அடித்தது. கல்யாணச் சேலைக்காரி. துளசி எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது போனையே அணைத்துவிட்டாள்.

"சுண்டலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அனுகிட்ட மறைக்க மாட்டேன். நீங்க இழுத்தீங்கன்னு சொல்லுவேன்" என்றாள் தேவிப்ரியா.

"சொல்லு. நீ கீழ வெச்சதையும் சேர்த்துச் சொல்லு."

"சொல்லுவேன். எனக்கு என்ன பயம்?"

"எனக்கு இருக்குதுடி." துளசியின் குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. "அந்த நாய் இருக்கிறதாலதான் அவ குரலை நான் கேக்கிறேன். கதவுக்குப் பின்னால, திருடி மாதிரி நின்னுக்கினு. அது போச்சுன்னா அவ எதுக்குடி இந்த வீட்டுக்குப் போன் பண்ணப் போறா?"

தேவிப்ரியா சாத்திய கதவின் அடியைப் பார்த்தாள்.

"கதவுக்குக் கீழ உங்க கால் தெரியும். அதனாலதான் ஸ்பீக்கர்ல போடுறேன்."

துளசி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பெருசா தர்மம் பண்ணிட்டா."

"உங்களுக்கு நன்றி எந்தக் காலத்துல இருந்துது?"

பெஞ்சின் இரண்டு முனையும் அப்படியே இருந்தன. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. துளசி வரதராஜரிடம் ஒன்று வேண்டிக்கொண்டாள், காமாட்சியிடம் ஒன்று வேண்டிக்கொண்டாள். இரண்டு வேண்டுதலிலும் பக்கத்தில் இருப்பவளுக்கு நல்லது கேட்கவில்லை.

கடைசியில் கதவு திறந்தது. டாக்டர் சித்தாரா ஸ்டீல் தட்டை நீட்டினாள். அதில் நீள ஊசி, வாலாகச் சிவப்பு நூல்.

"வந்துடுச்சு. நல்லவேளை, நூலை வெட்டாம கொண்டாந்தீங்க. அதைப் புடிச்சுத்தான் வழி தெரிஞ்சுது." அவள் முகம் அப்போதும் கடுகடு என்றுதான் இருந்தது. "மயக்கம் தெளியுது. சாயங்காலம் கூட்டிக்கினு போங்க. தொண்டையில புண்ணு இருக்குது. கொஞ்ச நாளைக்குக் கூழு மாதிரிதான் குடுக்கணும். கழுத்து வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மாட்டேன்னாலோ அந்த நிமிஷமே கொண்டாங்க. நெய் குடுத்தா நான் போலீசுக்குப் போவேன்."

தேவிப்ரியா அழுதாள். யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். துளசி அழவில்லை. சிராய்த்த முழங்கையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

சாயங்காலம் சுண்டலைத் துண்டில் சுற்றி வெளியே கொண்டு வந்து பெஞ்சில் கிடத்தினார்கள். மயக்க மருந்து ஏற்றிய முன்னங்காலில் பிளாஸ்டர். கண் பாதி மூடியிருந்தது. வால் மட்டும் ஒரு தடவை அசைந்தது. யாரைப் பார்த்து ஆட்டியது என்பதில் இரண்டு பேருக்கும் இரண்டு அபிப்பிராயம்.

தேவிப்ரியாவின் கையில் ஊசி இருந்தது. துளசி கையை நீட்டினாள்.

தேவிப்ரியா பழக்கதோஷத்தில் வைப்பதற்கு இடம் தேடினாள்.

"கீழ வெச்சியோ, தெரியும் சேதி. கையில குடு."

"சண்டை வரும்."

"வரட்டும். நமக்குள்ள இனிமே புதுசா என்ன சண்டை மிச்சம் இருக்குது?"

தேவிப்ரியா கொடுத்தாள். கைக்குக் கை. துளசி அதை நூலோடு சுருட்டி, மணிபர்சுக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

சரியாக அப்போது தேவிப்ரியாவின் போன் அடித்தது. வீடியோ கால்.

"சித்தி! குட் நியூஸ்! சுண்டலைக் காட்டு முதல்ல." அனுவின் முகம் திரை நிறையச் சிரித்தது. சிரிப்பு நின்றது. "இது எந்த இடம்? சித்தி, அது கால்ல என்ன பிளாஸ்டர்? யாரு என்ன பண்ணீங்க?"

தேவிப்ரியா போனைத் துளசியிடம் நீட்டினாள். "புடிங்க. இதையும் கையிலேயே குடுக்கிறேன்."

துளசி வாங்கினாள். வாசலைத் தாண்டிப் போன மகளை அன்றைக்கப்புறம் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். இளைத்துப் போயிருந்தாள். கேட்க ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"ஊசி முழுங்கிடுச்சு. எடுத்தாச்சு. நல்லாயிருக்குது. நூல் தொங்கிச்சு, நான்தான் இழுத்துட்டேன். அதனாலதான் புண்ணு."

அனுவின் முகம் திரைக்குக் கிட்டே வந்தது.

"நீ இழுத்தியா?"

"ஆமா."

"உனக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், அம்மா."

துளசிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அறை வாங்கியவளுக்கு ஒன்று மட்டும் உறைத்தது. திட்டினாலும் 'அம்மா' என்றுதான் திட்டியிருக்கிறாள்.

"நான் ரூம் எடுத்துட்டேன், அதைச் சொல்லத்தான் கால் பண்ணேன். நாய் வெச்சுக்கலாம்னு ஹவுஸ் ஓனர் ஓகே சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வரேன். உங்க ரெண்டு பேருகிட்டயும் இனிமே அதை விட மாட்டேன். கூட்டிக்கினு போயிடுவேன்." திரை இருண்டது.

இரண்டு பெண்களும் பெஞ்சைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அந்த வீட்டில் சாயங்காலம் போன் அடிக்காது. அது துளசிக்குத் தெரிந்தது. தேவிப்ரியாவின் மடி வெறும் மடியாகிவிடும். அது தேவிப்ரியாவுக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை அவ வந்தா நீ யாரு பக்கம்?" என்று கேட்டாள் துளசி.

"யாரு பக்கமும் இல்ல. சுண்டலைக் குடுக்க மாட்டேன். அவளுக்கும் குடுக்க மாட்டேன், உங்களுக்கும் குடுக்க மாட்டேன்."

"அதையும் பார்த்துடலாம்" என்றாள் துளசி. வண்டியைக் கிளப்பினாள். தேவிப்ரியா நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். ஏறியதும் பழைய ஞாபகத்தில் குனிந்து, அதன் காதில் ஆரம்பித்தாள்.

"சுண்டல், வேகமா ஓட்ட வேணாம்னு அங்க சொல்லு..."

துளசி பிரேக்கை அழுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"எதுவா இருந்தாலும் இனிமே எங்கிட்ட நேரா சொல்லு. அதுக்குத் தொண்டை புண்ணு."